போமட் செய்யவா என்று கேட்கும் திரை

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். தந்தையார் காலமான பின்னர் வெள்ளவத்தையில் இருந்த வீட்டை ஒதுக்கியபோது, அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய வன்தட்டு கிடைத்ததாம். தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். தமது ஊரின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தவர். அத்தட்டைத் தமது கணினியில் இணைத்தபோது, "இதனைப் பயன்படுத்துவதற்கு முன்னர் போமட் செய்தல் வேண்டும். செய்யவா?" என்று திரை கேட்டிருக்கிறது. "ஆம் என்று அழுத்தலாமா ஐயா?" என்பது அவருடைய கேள்வி.

"வேண்டாம். ஒன்றையும் அழுத்தாமல் கழற்றி வையுங்கள்" என்று உடனே ஒரு வரி எழுதி அனுப்பினேன். அதற்கான காரணத்தை எழுதத் தொடங்கியபோதுதான் அது ஒரு வரியில் அடங்கும் விடயமன்று என்பது புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. நான் கணினி நிபுணன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆயினும் இதே கேள்விக்கு 2004 ஆம் ஆண்டில் ‘ஆம்’ என்று விடையளித்தவன் என்ற வகையில் இதுபற்றி எழுத எனக்குச் சிறிது தகுதி உண்டு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வன்தட்டு என்பது 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகுக்குக் காட்டிய பொருள். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களை அடுக்கிய அந்தப் பேரியந்திரம் ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொள்ளும். எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு அது வந்து சேர்ந்ததற்கு 1983 ஆம் ஆண்டு ஒரு தொடக்கம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஐ.பி.எம். வெளியிட்ட ‘எக்ஸ்.டி.’ என்ற கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு பொருத்தப்பட்டிருந்தது. (கொழும்பில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்த அதே ஆண்டு என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நினைக்காமல் இருக்க முடியவில்லை.) அந்தக் கணினியோடு வந்த மைக்ரோசொப்ட்டின் டொஸ் 2.0 தான் வன்தட்டைக் கூறுகளாகப் பிரிக்கும் முறையை நமக்குத் தந்தது.

ஒரு வன்தட்டின் முதலாவது துண்டு 512 பைட் அளவினது. அதில் 446 பைட் கணினியைத் தொடக்கிவைக்கும் கட்டளைகளுக்கு. அடுத்த 64 பைட்டில் தலா 16 பைட்டாக நான்கு பதிவுகள். இந்த நான்கு பதிவுகளே, தட்டில் முதற்கூறு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், இரண்டாவது எங்கே என்று சொல்பவை. இறுதி இரண்டு பைட்டும் முத்திரை. முழுத் தட்டின் காணி உறுதியும் 64 பைட்டுக்குள் அடங்கிவிட்டது என்று சொல்லலாம். நம்மூரில் ஒரு பரப்புக் காணியின் உறுதிக்கே இதனைவிட நீளமாக எழுதுவார்கள்!

கூறு பிரித்தபின் ஒவ்வொரு கூற்றையும் போமட் செய்கிறோம். அதாவது அக்கூற்றுக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறிப்பதற்கு வெறுமையான ஓர் அட்டவணையை எழுதிவைக்கிறோம். கோப்பு இட ஒதுக்கீட்டு அட்டவணை என்ற அந்த முறையை, சுருக்கமாக ‘ஃபாட்’ என்பார்கள், 1977 இல் மைக்ரோசொப்ட்டில் பணியாற்றிய மார்க் மக்டொனால்ட் நெகிழ்தட்டுக்காக உருவாக்கினார். சிறு தட்டுக்கு எழுதிய அந்த முறையே பின்னர் பெருந்தட்டுக்களையும் சுமக்க நேர்ந்தது.

இங்கேதான் பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் வருகிறது. கோப்பொன்றை அழிக்கும்போது டொஸ் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பெயரின் முதலெழுத்தை மட்டும் வேறொரு குறியாக மாற்றிவிட்டு, அது இருந்த இடத்தை ‘வெற்றிடம்’ என்று குறித்துக்கொள்கிறது. இதனைக் கண்டுகொண்ட பீட்டர் நோர்ட்டன் 1982 இல் அழித்த கோப்பை மீட்கும் மென்பொருளை விற்கத் தொடங்கிப் பெரும் செல்வந்தரானார். 1991 இல் வெளிவந்த டொஸ் 5.0 இல் அழித்ததை மீட்கும் கட்டளையும், போமட் செய்ததை மீட்கும் கட்டளையும் சேர்க்கப்பட்டிருந்தன. மீட்கும்போது கணினி நம்மிடம் கேட்கும் கேள்வி, ‘பெயரின் முதலெழுத்து என்ன?’ என்பது. முதலெழுத்தைத்தான் அது தொலைத்துவிட்டதே!

நூலகத்தில் புத்தகங்கள் அடுக்கில் இருக்க, அட்டைப் பட்டியலை மட்டும் யாரோ தூக்கிச் சென்றுவிட்டதற்கு ஒப்பானது இது. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நான் நினைக்காமல் இருக்கமாட்டேன் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். 1981 ஆம் ஆண்டு யூன் இரண்டாம் திகதி விடிந்தபோது அங்கே பட்டியலும் இல்லை, 97,000 நூல்களும் இல்லை. அது வேறு. வன்தட்டில் நேர்வது பெரும்பாலும் பட்டியல் இழப்பே. நூல் இழப்பு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் குப்பையில் எறியப்பட்ட வன்தட்டுக்கள் எத்தனை!

‘கூறு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு கதை. 1990களின் இறுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றின் வாரப் பதிப்பில் கணினிப் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘பார்ட்டிசன்’ என்பதை நல்ல தமிழில் எழுதவேண்டும் என்ற ஆர்வத்தில் ‘பிரிவினை செய்வது எப்படி?’ என்று தலைப்பிட்டிருந்தேன். ஒப்புநோக்குநராக இருந்த பெரியவர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "தம்பி, இதை இப்படியே போட்டால் உமக்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்ன கிடைக்கும் எண்டு தெரியுமோ?" என்றார். 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தனிநாடு கோருவதைக் குற்றமாக்கியிருந்தது. வன்தட்டுக்கு அத்திருத்தம் பொருந்தாது என்று வாதிட்டுப் பார்த்தேன். காவலரணில் நின்று அதனை விளக்க முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். தலைப்பு ‘கூறிடுவது எப்படி?’ என்று மாறியது. அன்றிலிருந்து நானும் கூறு என்றே எழுதி வருகிறேன்.

இனி, பிழைகளின் வரலாறு. போமட், கூறிடல் தொடர்பாகக் கொழும்பில் நாங்கள் பட்ட பாடுகளில் மிகப் பெரும்பாலானவை, எங்கேயோ ஒரு பொறியியலாளர் ‘இது போதும்’ என்று ஒதுக்கிய ஓர் எண்ணின் விளைவு. டொஸ் துண்டுகளை எண்ணுவதற்கு 16 இருமங்களை ஒதுக்கியது. 65,536 துண்டுகள், துண்டுக்கு 512 பைட், ஆக 32 மெகாபைட். அதற்கு மேற்பட்ட கூறு ஒன்றை அமைக்க முடியாது. 1988 இல் வந்த டொஸ் 4.0 வரை பெரிய தட்டு வாங்கியவர்கள் அதனைத் துண்டுதுண்டாக வெட்டி, சி, டி, ஈ, எஃப் என்று பெயரிட்டார்கள். அடுத்தது 528 மெகாபைட் சுவர். கணினியின் அடிநிலை மென்பொருள் ஒருவகையாகவும் வன்தட்டு வேறொருவகையாகவும் எண்ணியதால், இரண்டிலும் சிறியது எதுவோ அதுவே செல்லுபடியாயிற்று. 1024 உருளை, 16 முனை, 63 துண்டு. பெருக்கிப் பாருங்கள். அதனைத் தாண்டியபின் 8.4 கிகாபைட்டில் ஒரு சுவர்.

கொழும்பில் கணினி என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா என்றிருந்த காலம் அது. அங்கே வாங்கிய தட்டைக் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து, சந்துக்குள் இருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்துப் பொருத்துவிப்போம். 1995 இன் இடப்பெயர்வுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளில் தங்கி, வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்த இளைஞர்கள் பலர் அக்காலத்தில் ‘ஹார்ட்வெயார்’ படித்தார்கள். வடக்கில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் கொழும்பில் கணினி திருத்துபவர்களானது விசித்திரம். ஆனால் அதுதான் நடந்தது.

விண்டோஸ் 98 காலத்தில் 80 கிகாபைட் தட்டொன்றை வாங்கி வந்தவர்கள், கூறிடும் கருவியான எஃப்டிஸ்க்கைத் திறந்தால் அது சுமார் 10 கிகாபைட் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். கடைக்காரர் நிரபராதி. அந்தக் கருவிக்கு 64 கிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 64 ஐ எட்டியதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். மைக்ரோசொப்ட் பின்னர் திருத்திய கருவியை வெளியிட்டது. திருத்திய பின்னரும் 80 என்று வாங்கியது 74.5 என்றுதான் தெரிந்தது. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

இன்னொன்று, எங்கள் காலத்தவர் எவரும் மறக்கமாட்டாத செய்தி: ‘தடம் பூச்சியம் பழுது, தட்டு பயனற்றது’. பூச்சியத் தடத்தில்தான் தொடக்கப் பதிவும் அட்டவணையும் எழுதப்படும். அந்த ஓர் இடத்தில் எழுத முடியாவிட்டால், மீதித் தட்டு முழுவதும் புத்தம் புதியதாக இருந்தாலும் போமட் கட்டளை கையை விரித்துவிடும். கெட்டிக்காரத் தம்பிமார் முதற்பகுதியைச் சிறிது விட்டுவிட்டு, அதற்கப்பால் கூற்றைத் தொடங்கிச் சமாளிப்பார்கள். மற்றவர்கள் ‘லோ லெவல் போமட்’ அடித்துப் பார்க்கலாம் என்பார்கள். 1980களின் தட்டுக்களில் அது உண்மையான வைத்தியம். தடங்களையே புதிதாக வரைய முடிந்தது. பின்னர் வந்த தட்டுக்களில் தடங்கள் தொழிற்சாலையிலேயே வரையப்பட்டுவிடும். நமது கணினியால் அவற்றைத் தொடவே முடியாது. ஆயினும் அந்த வைத்தியத்தின் பெயர் மட்டும் கடைகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. கைராசிக்கார வைத்தியர் இறந்தபின்னும் அவர் பெயரில் எண்ணெய் விற்பதில்லையா, அதுபோல.

மின்வெட்டையும் சொல்லியாக வேண்டும். 1996 இலும் 2001-2002 இலும் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் இருள். அக்காலத்தில் ‘பார்ட்டிசன் மஜிக்’ என்ற மென்பொருள் புகழ்பெற்றிருந்தது. உள்ளே கோப்புகள் இருக்கும்போதே கூற்றின் எல்லையை நகர்த்தித் தரும். உண்மையில் அது செய்வது, கோப்புகளை ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குச் சுமந்து சென்று, இறுதியில் அட்டவணையைத் திருத்துவது. நடுவழியில் மின்சாரம் போனால் பாதிச் சுமை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், அட்டவணையோ பழையது. மின்வெட்டு நேரத்தைப் பத்திரிகையில் அச்சிட்ட நாங்களே அதனைப் பார்க்காமல் வேலை தொடங்கியிருக்கிறோம். (2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அந்த நேரத்தில் எவரேனும் கூறு நகர்த்திக்கொண்டிருந்தார்களோ என்பதே எனக்கு எழுந்த முதற்கவலை.)

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. இந்தத் திகதியைத் தனியே எழுதவேண்டும். தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹவ் என்ற மாணவர் 1998 இல் எழுதிய சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே திகதி என்பதால் அதனை ‘செர்னோபில்’ என்றும் அழைத்தார்கள். வாரத்தின் முதல் வேலைநாள். உலகின் கிழக்குப் பகுதியில்தான் அலுவலகங்கள் முதலில் திறக்கின்றன. தென்கொரியாவிலும் துருக்கியிலும் பேரழிவு. அது செய்த வேலை எளிமையானது. வன்தட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு மெகாபைட் வரை பூச்சியங்களால் நிரப்பியது. இயன்ற இடங்களில் கணினியின் அடிநிலை மென்பொருளையும் அழித்தது.

கொட்டாஞ்சேனையில் கணினி அச்சமைப்புக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் அன்று மாலை சென்றிருந்தேன். திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் என்று பல ஆண்டு வேலை இரண்டு கணினிகளில். இரண்டும் கறுத்த திரையோடு நின்றன. ‘எல்லாம் போச்சு’ என்று அமர்ந்திருந்தார். ஆனால் எல்லாம் போகவில்லை. ஒரு கணினியில் மட்டுமே போனது. காரணம் தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஃபாட் முறையில் அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் எழுதப்படும், அடுத்தடுத்து. பழைய ஃபாட் 16 முறையில் ஒரு பிரதி கூடினால் 128 கிலோபைட். ஆகவே இரண்டு பிரதியும், தலைமைக் கோப்புப் பட்டியலும் முதல் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வைரஸ் அனைத்தையும் ஒருசேர அள்ளிச்சென்றது. 1996 இல் வந்த ஃபாட் 32 முறையில் பெரிய கூறுகளின் அட்டவணை பல மெகாபைட் நீளம். முதற்பிரதியின் தலை மட்டுமே அறுந்தது. இரண்டாவது பிரதி அப்பால் முழுமையாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன் அதனைக் கொண்டு தட்டை மீளக் கட்டும் சிறு மென்பொருளொன்றை எழுதி இலவசமாக வழங்கினார். நண்பரின் புதிய கணினி மீண்டது. பழையது மீளவில்லை. அதில் இருந்ததெல்லாம் 1995 முதலான கண்ணீர் அஞ்சலிகள்.

இப்போது என் கதை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின், ஏ9 பாதை திறந்தபின், பேசாதிருந்த பலர் பேச முன்வந்தார்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கங்களில் ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களில் வேலை செய்த முதியவர்களைத் தேடிச் சென்று, 1983 பற்றியும் அதற்கு முந்திய அச்சக வாழ்வு பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டு உழைப்பு. ஒலிநாடாக்களிலிருந்து எழுதி முடித்தபின் நாடாக்களுக்கு மேல் வேறு பதிவு செய்துவிட்டேன். நாடா விலை அப்படி. என் புத்தியும் அப்படி.

2004 இல் ஒரு 160 கிகாபைட் வன்தட்டு வாங்கினேன். நண்பர் ஒருவரின் புதிய கணினியில் பொருத்தி, கூறிட்டு, போமட் செய்து, அனைத்தையும் அதில் நகர்த்தினேன். பின்னர் கழற்றி வந்து வீட்டுக் கணினியில் இணைத்தேன். அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முதற்பதிப்பு. பல நாள் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிறன்று பெரிய படக்கோப்புகள் சிலவற்றை அதன் இறுதிப் பகுதிக்குப் பிரதிசெய்தேன். மறுநாள் திரை கேட்டது: போமட் செய்யவா?

நடந்தது இதுதான். பழைய முறையில் துண்டுகளுக்கு இலக்கமிட 28 இருமங்களே இருந்தன. 268,435,456 துண்டுகள், 137 கிகாபைட். அதற்கு மேற்பட்ட இலக்கம் வந்தால் தலைப்பக்க இருமங்கள் விழுந்துவிடும். 137 கிகாபைட்டைத் தாண்டி எழுதச் சொன்னதை அந்தக் கணினி பூச்சியத்திலிருந்து எழுதத் தொடங்கும். 2002 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட திருத்தப் பொதியை நான் நிறுவவில்லை. என் படங்கள் என் சொந்தப் பட்டியலின் மேலேயே எழுதப்பட்டன. வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை.

அதன்பின்னரும் மீட்பு எளிதாகவே இருந்திருக்கும், நான் ‘ஆம்’ என்று அழுத்தாமல் இருந்திருந்தால். போமட் செய்தால் தட்டு ‘சரியாகிவிடும்’ என்று நினைத்தேன். சரியாகியது, வெறுமையாக.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் கடை வைத்திருந்த தம்பியிடம் தூக்கிச் சென்றேன். கடற்காற்றில் துருவேறிய இணைப்புக்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துக்கொண்டிருந்தான். விடயத்தைக் கேட்டதும் அவன் சொன்ன முதல் வாக்கியம், "அண்ணை, இனி இதிலை ஒண்டையும் எழுதிப் போடாதேங்கோ." அதுவே இத்துறையின் முதல் விதி என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. தட்டின் முழுப் பிரதியொன்றை இன்னொரு தட்டுக்கு எடுத்து, அந்தப் பிரதியிலேயே அவன் வேலை செய்தான். பிரான்ஸ் நாட்டின் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் இரண்டு மென்பொருள்கள். டெஸ்ட்டிஸ்க் என்பது தொலைந்த கூறுகளைத் தேடி, முதற்துண்டின் நான்கு பதிவுகளை மீள எழுதும். அது கைகொடுக்காதபோது ஃபோட்டோரெக். பட்டியலையே பாராமல் தட்டின் ஒவ்வொரு துண்டையும் புரட்டி, ‘இது ஒரு கோப்பின் தலை’ என்று அடையாளங்கண்டு வெளியே எடுக்கும்.

அப்படி வந்த கோப்புகள் பல ஆயிரம். எதற்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் மட்டுமே. பெயர்கள் பட்டியலில் இருந்தவை, பட்டியல்தான் போய்விட்டதே. உள்ளே தேடலாம் என்றால் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. நமக்குத்தான் அது தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியல். இதற்கு வழி கண்டது நான்தான் என்று சிறிது பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பாமினியில் ‘அச்சகம்’ என்று அடிக்க விரல் செல்லும் விசைகள் எம், ஆர், அரைப்புள்ளி, ஆர், எஃப், கே, அரைப்புள்ளி. அந்த ஏழு குறிகளையும் அப்படியே தேடச் சொன்னேன். நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் நிரலாக வந்து நின்றன. ஒருங்குறியில் எழுதியிருந்தால் தேடல் இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்று தம்பி சொன்னான், உண்மைதான். ஆனால் பத்திரிகை அலுவலகங்களில் அப்போது பாமினியே அரசி.

எனினும் எல்லாம் முழுமையாக வரவில்லை. நான் இரவுகளில் சிறிது சிறிதாகச் சேர்த்து எழுதிய கோப்புகள் தட்டில் தொடர்ச்சியாக இல்லாமல் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தன. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பது அட்டவணைக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். ஆகவே சில கோப்புகளில் ஒருவரின் பேச்சு நடுவில் அறுந்து இன்னொருவருடையது தொடர்கிறது. கொட்டாஞ்சேனையில் முப்பது ஆண்டு அச்சுக்கோத்த ஒருவர், 1983 யூலை 25 காலையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். "கதவைப் பூட்டிப்போட்டு ரோட்டுக்கு வந்தால், சந்தியிலை" என்ற இடத்தில் நிற்கிறது. அடுத்த வரி நான் எழுதிய வரவு செலவுத் திட்டக் கட்டுரை. அவர் 2005 இல் காலமாகிவிட்டார். சந்தியில் அவர் கண்டதை என் நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். அவருடைய சொற்கள் அல்ல அவை.

அந்தத் தம்பி 2006 இல் ஐரோப்பாவுக்குப் போய்விட்டான். மறு ஆண்டு யூன் 7 ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பியபோது அவன் இங்கே இல்லாதிருந்ததை நினைத்து ஆறுதலடைந்தேன்.

இன்றைய நிலைமை வேறு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்கள் இருக்கின்றன. என் மிச்சக் கோப்புகளையும் தனித்தட்டு ஒன்றில் மட்டும் வைத்திருப்பதை விட்டுவிட்டேன். தட்டுக்களின் நிலைமையும் மாறிவிட்டது. பழைய நான்கு பதிவு முறை 2.2 டெராபைட்டில் முட்டி நின்றபின், ஜி.பி.டி. என்ற புதிய முறை வந்தது. அது தன் பட்டியலின் இரண்டாவது பிரதியைத் தட்டின் மறுமுனையில் வைக்கிறது. 1999 இல் பட்ட அடியின் அருமை தெரிந்தவர்களுக்கு அது நிம்மதி தரும். ஃபாட் 32 கூற்றை 32 கிகாபைட்டுக்கு மேல் போமட் செய்ய விண்டோஸ் மறுத்துவந்தது. அந்த எண்ணைத் தாமே ஒருநாள் முடிவுசெய்ததாக, அக்காலத்தில் மைக்ரோசொப்ட்டில் இருந்த டேவ் பிளம்மர் பின்னாளில் சொன்னார். ஒருவர் இட்ட வேலியை நீக்கும் மாற்றத்தை மைக்ரோசொப்ட் 2024 இல்தான் அறிவித்தது!

ஆனால் இரண்டு இடங்களில் பழைய தைரியம் இன்று செல்லாது. எக்ஸ்.பி. வரை முழுப் போமட் என்பது தட்டைப் படித்துப் பார்ப்பதே. உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். விஸ்டாவிலிருந்து முழுப் போமட் தட்டு முழுவதும் பூச்சியம் எழுதுகிறது. விரைவுப் போமட் மட்டுமே பழையபடி பட்டியலை மாற்றுகிறது. இரண்டாவது, சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வகையில், அழித்த இடங்களைக் கணினி உடனுக்குடன் அறிவித்துவிடுவதால், அந்தச் சில்லு தானாகவே அவற்றைத் துடைத்துவிடுகிறது. அங்கே ‘ஆம்’ என்று அழுத்தியபின் தேட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ரொறன்ரோ வாசகரின் தட்டு நல்ல வேளையாகச் சுழலும் வகை. அவரிடம் சொன்னவை இவையே. தட்டிலிருந்து டக்டக் என்ற ஒலி வந்தால் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே இருக்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். ஒலி இல்லையாயின் முழுப் பிரதி ஒன்றை வேறொரு தட்டுக்கு எடுங்கள். பிரதியில் மட்டும் டெஸ்ட்டிஸ்க்கை இயக்குங்கள். அது கண்டுபிடித்த கூறுகளின் உள்ளே கோப்புப் பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே எழுதச் சொல்லுங்கள்.

நேற்று மறுமொழி வந்தது. கூறு கிடைத்துவிட்டதாம், கோப்புப் பெயர்களும் வந்துவிட்டனவாம். ‘ஊர் வரலாறு’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்ட உறையும் இருக்கிறதாம். ஆனால் திறந்தால் ஒன்றும் புரியவில்லை, ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது, கோப்பு பழுதோ என்று கேட்டிருந்தார். பழுதில்லை என்று எழுதி, பாமினி எழுத்துருவை இணைத்து இன்று காலை அனுப்பிவைத்தேன்.